மூச்சு விட்டு ஏறும் படி

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கி வயலைத் தொடுகிற இடத்தில் ஒரு மடம். பெயர் வாசி மடம்; வாசி என்றால் மூச்சு. ஊர்க்காரர்கள் மூச்சு மடம் என்றுதான் சொல்வார்கள். உள்ளே சிலை கிடையாது, மணி கிடையாது, உண்டியல் கிடையாது. அதனால் கூட்டமும் கிடையாது.

இருந்ததெல்லாம் ஒரு வழக்கம்தான். வாசலில் ஒற்றைக் கருங்கல் படி. வருகிறவர் யாராக இருந்தாலும் அதன் முன்னால் நின்று, நெஞ்சில் இருக்கிற மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். தாசில்தார் வந்தாலும் அப்படித்தான், தயிர்க்காரர் வந்தாலும் அப்படித்தான். இறங்கும்போதும் அதே.

"இது என்னய்யா கூத்து?" என்று சிரித்தவர்களே அதிகம். பூதலிங்கம் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலா வந்தார் மனுஷன்!

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுக்க ரத்தம் எடுத்ததும், ரத்தம் பார்த்ததும்தான் வேலை. மனைவி ஆவுடையம்மாளுக்கு நுரையீரல் தடித்துப்போகிற நோய் வந்தது. அவள் கையிலும் இவரேதான் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். அவள் போன பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

வந்தவர் யாரோடும் ஒட்டவில்லை. "எப்படி இருக்கீங்க?" என்றால், "இருக்கேன்." "சாப்பிட்டீங்களா?" என்றால், "ஆச்சு." அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்கிவிட முடியாது. பந்தியில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பார்த்தால் தனியாகச் சாப்பிடுகிற மாதிரியே இருக்கும்.

மடத்தை நடத்துகிறவர் மங்கையர்க்கரசி. முன்பு நெஞ்சுநோய் டாக்டர். பூதலிங்கத்தின் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். எல்லாரும் அவரை அம்மை என்பார்கள். பூதலிங்கமும் அம்மை என்றே கூப்பிட்டார். அவர் பூதலிங்கத்தை ஐயா என்பார்.

புதிதாக வருகிறவருக்கு அம்மை முதலில் சொல்லித்தருவது மூச்சை விடுவது மட்டும். மெதுவாக, கடைசிவரை, அடிவயிறு ஒட்டும்வரை விடுவது. மாதக்கணக்கில் அதுதான் பாடம். பிறகுதான் இழுப்பது. அடக்குவதெல்லாம் எங்கேயோ கடைசியில் வரும்.

பூதலிங்கத்துக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பாடம். யாரும் சொல்லித்தராமலே அதைப் பிடித்துக்கொண்டார். மடத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு பாறை. அதில் உட்கார்ந்து ஒரு பெரிய மூச்சை இழுத்து அடைத்துக்கொண்டால், உலகம் அப்படியே நின்றுவிடும். ஆவுடையின் முகம் வராது. மகள் கேட்கிற கேள்வி காதில் விழாது. அந்த நிம்மதிக்காக நெஞ்சு வெடிக்கிறவரை பிடித்துவைத்திருப்பார்.

மகள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவள் பெயர் உலகம்மை. கோயம்புத்தூரில் இருந்தாள். அம்மா மூச்சுத் திணறுகிறாள் என்று கேட்டு அடித்துப்பிடித்துக் கிளம்பி, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஆவுடை பக்கத்தில் இருந்தவர் பூதலிங்கம் ஒருவர்தான்.

"அப்பா, அம்மா கடைசியா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

சொல்லும்போது வலதுகாதின் மடலைப் பிடித்து இழுத்துக்கொள்வார். அது அவருக்குப் பழக்கம். உலகம்மை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எழுந்து போய்விடுவாள். மடத்துக்கு அவரைப் பார்க்க வரும்போதெல்லாம் இதே கேள்வி, இதே பதில். வரவர அவள் வருகிற இடைவெளி நீண்டுகொண்டே போனது.

ஒன்றும் சொல்லாமலா போனாள் ஆவுடை? சொன்னாள். கேட்டாள் என்பதுதான் சரி. பேச மூச்சு இல்லாமல், ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"உலகு வந்துட்டாளா?"

அந்த நேரத்தில் உலகு வந்த பஸ் எங்கேயோ திண்டுக்கல் பக்கம் நின்றிருக்கும். பூதலிங்கத்துக்கு வேறு என்ன சொல்ல வரும்?

"வந்துட்டா ஆவுடை. வாசல்ல செருப்பைக் கழத்திக்கிட்டு இருக்கா."

ஆவுடை அவர் முகத்தைப் பார்த்தாள். சிரித்த மாதிரி இருந்தது. அப்படியே போய்விட்டாள்.

பொய் சொல்லி அனுப்பிவிட்டோமே என்பது ஒரு பக்கம். இதை மகளிடம் சொன்னால், வர முடியாமல் போன பிள்ளை ஆயுசுக்கும் வெந்து சாகுமே என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து நெஞ்சுக்குள்ளே போட்டுப் பூட்டிவிட்டார். சாவியைக் கொடுக்க அதற்குப் பக்கத்து வீடும் இல்லை.

ஒருநாள் காலையில் அம்மை முற்றத்தில் பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் நின்றார்.

"அம்மை, எனக்குத் தீட்சை வேணும்."

அந்த மடத்தில் தீட்சை வாங்கினால் ஓராண்டு மௌனம். வாய் திறக்கக்கூடாது. பார்க்க வருகிறவர்களும் படியோடு திரும்பிவிட வேண்டும்.

அம்மை நிமிர்ந்து பார்த்தார். "ஏற்கெனவே அப்படித்தானே இருக்கீங்க ஐயா?"

"முறைப்படி வேணும்."

"ஒரு கேள்வி கேக்கேன். பதில் சொல்லிட்டு வாங்கிக்கோங்க."

"கேளுங்க."

"ரத்தம் எதுக்கு நுரையீரலுக்கு வருது?"

பூதலிங்கத்துக்கு இதைவிடச் சுலபமான கேள்வி இந்த உலகத்தில் உண்டா? அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"ஆக்சிஜன் வாங்க."

"இல்லை" என்று சொல்லிவிட்டு அம்மை பூக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இல்லையா? பூதலிங்கத்துக்குச் சுருக்கென்றது. மறுநாள் போய் முழுசாகவே ஒப்பித்தார். இதயத்தின் வலது பக்கத்திலிருந்து கறுத்த ரத்தம் கிளம்புகிறது. நுரையீரலில் குட்டிக்குட்டிக் காற்றறைகள். ஒவ்வொரு அறையையும் சுற்றி முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள். நடுவில் இருக்கிற சுவர் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு லேசு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, அறையில் அதிகம். அதனால் அது இங்கே வருகிறது. ரத்தத்தில் கரியமிலவாயு அதிகம், அறையில் குறைவு. அதனால் அது அங்கே போகிறது. யாரும் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அதிகமாக இருக்கிற இடத்திலிருந்து குறைவாக இருக்கிற இடத்துக்குத் தானாகப் போய்விடும். ரத்தம் சிவந்து திரும்புகிறது.

அம்மை கடைசிவரை கேட்டார்.

"பிரமாதம். பரீட்சைன்னா முழு மார்க் போட்டிருப்பேன்."

"அப்போ தீட்சை?"

"நான் பரீட்சை வைக்கலையே ஐயா."

சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கந்தையா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மடத்தின் சமையலும் அவர்தான், தோட்டமும் அவர்தான், வம்பும் அவர்தான். "என்ன வே, இத்தனை வருசமா ஆஸ்பத்திரியில தப்பாவா பரிசோதனை பண்ணினீரு?" என்றார்.

பூதலிங்கம் விறுவிறுவென்று ஓடைக்குப் போய்விட்டார்.

அன்று வீம்புக்குப் பிடித்தார். இதுவரை பிடிக்காத அளவுக்குப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம். வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு, பிறகு ஒரு பெரிய மூச்சை நெஞ்சு நிறைய வாங்கி அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓடைச் சத்தம் போனது. குருவிச் சத்தம் போனது. ஆவுடை போனாள். பிறகு பாறையும் போய்விட்டது.

குடம் எடுத்துக்கொண்டு வந்த கந்தையா பார்த்தபோது மனுஷன் பாறையிலிருந்து சரிந்து, நெற்றி கல்லில் இடித்து, ஓரமாகக் கிடந்தார். கால் தண்ணீரில். தலையும் தண்ணீரில் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"அம்மை! ஓடி வாங்க! இந்த ஆளு செத்துகித்துத் தொலைச்சிட்டாரு!"

அம்மை வருவதற்குள் பூதலிங்கம் கண் திறந்துவிட்டார். கந்தையா நெற்றிக் காயத்தில் தோள்துண்டை வைத்து அழுத்தினார். "மூச்சைப் பிடிச்சுவச்சு மூட்டை கட்டியா கொண்டுபோகப் போறீரு? எழவு, எனக்குல்லா உசுரு போச்சு!" என்று திட்டினார். கந்தையாவுக்குப் பிரியம் வந்தால் திட்டத்தான் வரும்.

அம்மை திட்டவில்லை. நாடியைப் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முகத்தில் நிறம் திரும்பும்வரை காத்திருந்தார்.

"ஐயா, இப்போ என் முன்னால ஒரு தடவை பிடிங்க. வீம்பு வேண்டாம். முடியலைன்னா விட்டுடணும்."

பூதலிங்கத்துக்கு வெட்கம். இருந்தாலும் நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினார். அம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டத் தொடங்கியது. தொண்டை துடித்தது. உள்ளே தீப் பிடித்த மாதிரி எரிந்தது. தாங்க முடியாமல் விட்டுவிட்டார்.

"என்ன கேட்டது நெஞ்சு?"

"காத்து."

"உள்ளே முழுக்கக் காத்துதானே இருந்தது?"

பூதலிங்கம் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"சரி. முட்டினதும் முதல்ல என்ன செஞ்சீங்க? இழுத்தீங்களா, விட்டீங்களா?"

யோசித்தார். "விட்டேன்."

"காத்துக்குத் தவிச்சவரு முதல்ல விடுவானேன்?"

இந்தப் பதில் அவருக்குத் தெரியும். லேபில் இருந்தவர் அல்லவா? "ரத்தத்துல கரியமிலவாயு சேர்ந்துபோகும் அம்மை. அது கூடினதும் மூளை, வெளியே தள்ளு தள்ளுன்னு அடிச்சுக்கும். ஆக்சிஜன் குறையுறதுக்கு முன்னாலயே இது வந்துடும்."

"அப்போ உள்ளே எரிஞ்சது எது ஐயா? இல்லாததா, இருந்ததா?"

கந்தையா குடத்தை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிறகு பூதலிங்கம் ஓடைப்பக்கம் போகவில்லை. அதனால் வேறு எங்கேயும் ஒளிய இடமில்லாமல் போய்விட்டது. படுத்தால் ஆவுடை. எழுந்தால் ஆவுடை. வாசலில் செருப்பைக் கழத்திக்கிட்டு இருக்கா, வாசலில் செருப்பைக் கழத்திக்கிட்டு இருக்கா என்று அவர் சொன்ன அதே வார்த்தை அவரையே சுற்றிச்சுற்றி வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. மடத்துக்கு என்று போன் கிடையாது. கந்தையாவின் போன்தான் எல்லாருக்கும்.

"வே பூதலிங்கம்! உம்ம மக!"

வாங்கினார்.

"அப்பா, உங்க மாப்பிள்ளைக்கு வேலை வந்துட்டு. அயர்லாந்து. நானும் போறேன்."

"சரி."

"வியாழக்கிழமை உங்களைப் பார்க்க வாறேன். அன்னைக்கே திருவனந்தபுரம் போயி ராத்திரி பிளைட்டு."

"சரி."

"திரும்பி எப்ப வருவேன்னு தெரியாது."

"சரி உலகு."

"கடைசியா ஒரு தடவை கேப்பேன்பா. இதுக்கு மேல கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பூதலிங்கம் போனைத் திருப்பிக் கொடுத்தார். நேராக அம்மையிடம் போனார்.

அம்மை மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மை, வியாழக்கிழமைக்குள்ள எனக்குத் தீட்சை கொடுத்துடணும்."

"மக வாறாங்களாமே. கந்தையா சொன்னாரு."

"அதான்."

அம்மை கையைக் கழுவிக்கொண்டார். "வாயைக் கட்டிக்கிட்டா அவங்க கேக்க மாட்டாங்க, அப்படித்தானே?"

பூதலிங்கத்துக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "உங்களுக்கு என்ன அம்மை தெரியும்? எங்கிட்ட இருக்கிறதைக் கொடுத்தா அவ தாங்க மாட்டா. கரியமிலவாயுவைக் கழிவுன்னுதான் பாடத்துல சொல்லுவோம். பெத்தவன் தன் கழிவைக் கொண்டுபோய்ப் புள்ளை தலையிலயா கொட்டுவான்?"

"ரத்தத்துக்கு அது கழிவு. காத்துக்கு?"

"காத்துக்கு என்ன? காத்து பாட்டுக்கு வாங்கிட்டுப் போகுது."

"வேண்டாம்னு சொல்லுதா?"

மாடு தொட்டியில் முகத்தை வைத்து உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. கோபமெல்லாம் வடிந்துபோன குரலில் பூதலிங்கம் சொன்னார்.

"இனி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணும் போகாது அம்மை. வருசம் ஆயிட்டு. அவ அந்தப் பக்கம் இருக்கா, நான் இந்தப் பக்கம் இருக்கேன். நடுவுல சுவர் தடிச்சுப் போச்சு. ஆவுடைக்குத் தடிச்ச மாதிரியே."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். தன் வாயிலிருந்தா வந்தது என்று இருந்தது.

அம்மை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "அவங்களுக்குக் கடைசிவரை ரத்தம் எடுத்துப் பாத்தது நீங்கதானே?"

"நான்தான்."

"எது குறைஞ்சுக்கிட்டே வந்தது?"

"ஆக்சிஜன். ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது. காத்து முழுக்க இருந்தும் உள்ளே ஏறல."

"கரியமிலவாயு? அது தேங்கிச்சா?"

"இல்லை அம்மை. அது ரொம்ப நாள் வெளியே போய்க்கிட்டுத்தான் இருந்தது. கடைசியிலதான் தேங்கிச்சு. அது சுவரைத் தாண்டுறது ஆக்சிஜனைவிடப் பல மடங்கு லேசு."

"தடிச்ச சுவரிலயுமா?"

அம்மை தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தீட்சை தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. வெயில் ஏறுவதற்குள் பூதலிங்கம் மாட்டுத்தொழுவத்துக்குள் போய்ப் புகுந்துகொண்டார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தை மறுபடி கூட்டினார். கூட்டியதையே கூட்டினார். மாடு கூட அவரை ஒரு மாதிரி பார்த்தது.

"வே! ஆட்டோ வந்துட்டு!" என்று கந்தையா கூப்பிட்டார்.

பூதலிங்கம் அசையவில்லை. வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடலாமா? காய்ச்சல் என்று சொல்லலாமா? தொழுவத்துத் தட்டி இடுக்கு வழியாக வாசல் தெரிந்தது. எட்டிப் பார்த்தார்.

உலகம்மை படிக்கு முன்னால் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். இடதுகையால் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, குனிந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வார் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே ஒற்றைக்காலில் நின்றாள்.

பூதலிங்கம் கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது.

எப்படி முற்றத்தைக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. படியின் உள்பக்கம் வந்து நின்றார். உலகம்மை மடத்து வழக்கப்படி மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஏறவில்லை. அவரைப் பார்த்ததும் அங்கேயே நின்றாள். நெற்றியில் காயத்தழும்பைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"விழுந்துட்டேன்."

"கேக்கட்டுமா?" என்றாள்.

அவர் தலையசைத்தார்.

"அம்மா கடைசியா என்ன சொன்னா?"

பூதலிங்கத்தின் கை காதுக்குப் போனது. பாதியில் நின்றது. கீழே இறக்கினார். நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டார். அடிவயிறு ஒட்டுகிறவரை விட்டார். அந்த மூச்சோடு மூச்சாக அதுவும் வந்துவிட்டது.

"உலகு வந்துட்டாளான்னு கேட்டா."

உலகம்மை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டா, வாசல்ல செருப்பைக் கழத்திக்கிட்டு இருக்கான்னு சொல்லிட்டேன். வேற என்னம்மா சொல்லுவேன்? நீ பஸ்ஸுல இருக்கே. அவ போய்க்கிட்டு இருக்கா. பொய் சொல்லித்தான் உங்கம்மாவை அனுப்பி வச்சேன். உன்னைத் தேடினான்னு சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான்..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கிழவர் வாசல் என்றும் பார்க்காமல், ஆட்டோக்காரர் நிற்கிறார் என்றும் பார்க்காமல் விம்மிவிம்மி அழுதார். ஆவுடை போன அன்றைக்கு அழாத அழுகை.

உலகம்மையும் அழுதாள். படியில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுதது ஓயும்வரை ஒன்றும் சொல்லத் தெரியாமல் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாள் எது நடந்துவிடும் என்று பயந்தாரோ அது நடந்தேவிட்டது. கண்ணெதிரே பிள்ளை வெந்துகொண்டிருக்கிறாள்.

அழுகைக்கு நடுவில் அவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, அம்மாகிட்ட அதைச் சொல்லும்போது கை எங்க இருந்தது?"

"கையா?"

"இந்தக் கை. காதைப் பிடிச்சீங்களா?"

பூதலிங்கத்துக்கு விளங்கவில்லை. அந்த நேரத்தை மறுபடி பார்த்தார். கட்டில், முகமூடி, ஆவுடையின் கண். தன்னுடைய வலதுகை.

"பிடிச்சேன். பிடிச்சிருப்பேன். ஏன்?"

உலகம்மையின் முகத்தில் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சின்ன வயசுல அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காப்பா. உங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னா காதைப் பிடிச்சுக்குவாருன்னு. நீங்க ஒண்ணும் சொல்லலன்னு சொல்லும்போதெல்லாம் நான் உங்க கையைத்தானே பார்ப்பேன்? பொய்யின்னு தெரிஞ்சதாலதானே திரும்பத்திரும்ப வந்து கேட்டேன்?"

பூதலிங்கம் அவளையே பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியாதாப்பா? நான் வரலைன்னு அவளுக்குத் தெரியும். நீங்க சொன்னதைக் கேட்டு என்ன செஞ்சா?"

"சிரிச்சா" என்றார் பூதலிங்கம். "சிரிச்ச மாதிரி இருந்தது."

"சிரிச்சுத்தான் இருப்பா" என்றாள் உலகம்மை.

ரொம்ப நேரம் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கந்தையா இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆச்சரியமாக, ஒரு வார்த்தை பேசாமல் போனார். ஆட்டோக்காரர் ஒருமுறை ஹார்ன் அடித்துப் பார்த்தார். பிறகு அவரும் அடிக்கவில்லை.

நேரமாயிற்று. உலகம்மை எழுந்தாள். குனிந்து அவர் காலைத் தொட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "உள்ளேயே வரலை பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் ஏறிய ஆட்டோ, மலைப்பாதை மேட்டில் திணறுகிற பழைய வண்டி. அதனால் மெதுவாகவே போனது.

பூதலிங்கம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வருவாளோ தெரியாது. வருவதற்குள் தான் இருப்போமோ அதுவும் தெரியாது. தனிமை அப்படியேதான் இருந்தது. ஆனால் நெஞ்சு எரியவில்லை.

பின்னால் அம்மை வந்து நின்றது தெரிந்தது.

"பதில் தெரிஞ்சுட்டு அம்மை" என்றார் திரும்பாமலே. "ரத்தம் எதுக்கு வருதுன்னு இப்போ தெரியும். முதல்ல கொடுக்கத்தான். இனி எனக்குத் தீட்சை கொடுக்கலாம். இங்கேயே இருந்துடுவேன்."

"சந்தோஷம் ஐயா. இன்னொண்ணு மட்டும் சொல்லுங்க. வந்த ரத்தம் நுரையீரல்ல எவ்வளவு நேரம் இருக்கும்?"

"கண்ணை மூடித் திறக்கிற நேரம். கொடுக்கிறதைக் கொடுத்து வாங்குறதை வாங்கினதும் திரும்பி..."

நிறுத்திவிட்டார். ஆட்டோ முதல் வளைவில் ஏறமாட்டாமல் உறுமிக்கொண்டிருந்தது. நடந்தாலே பிடித்துவிடலாம் போலிருந்தது.

"திரும்பி?" என்றார் அம்மை.

பூதலிங்கம் படியின் முன்னால் நின்று மூச்சை முழுவதும் வெளியே விட்டார். பிறகு குனிந்து தன் செருப்பைத் தேடினார்.